“எனக்குச் சமையல் மட்டும்தான் தெரியும்”



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் பரீட்சைக் காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு தாய், “பரீட்சை முடிந்த பிறகு என்ன செய்வது என்று எழுதவில்லையே” என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. எனவே இம்மாதம் தொழில் வழிகாட்டல் ஆலோசனை பற்றி எழுதுகிறேன். இது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விடயம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கும் இது தேவை. அவளைப் படிப்பிக்க உழைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கும் தேவை. அதை எனக்குக் காட்டியவர்கள் ஒரு தாயும் மகளும். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்களைச் சொல்லவில்லை.

களுபோவிலயில் ஒரு சனிக்கிழமை

நான் வாரத்தில் இரண்டு நாட்கள் களுபோவிலயில் வேலை செய்கிறேன். கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலைக்குக் கிட்ட ஒரு வீட்டின் முன் அறைதான் எங்கள் இடம். ஒரு மேசை, நாலு கதிரை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. தெஹிவளை, வெள்ளவத்தை மட்டுமன்றிக் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இரண்டு பஸ் ஏறிப் பெண்கள் வருவார்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வந்து, பிறகு இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் பல உண்டு.

அந்த அக்காவும் அப்படி வந்தவர்தான். முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 2009 இல் போரின் கடைசி நாட்களில் கணவரைத் தவறவிட்டவர். அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. நாலு வயது மகளோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தார். மகளின் காலில் செல் துண்டு இருந்தது. 2011 இல் அதற்கான வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வந்தார். அன்று தொடக்கம் களுபோவிலயில் ஒரு அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்து, சாப்பாட்டுப் பார்சல் செய்து கொடுத்து வாழ்கிறார். வைத்தியசாலையில் நோயாளிக்குத் துணை நிற்பவர்களும், அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்களும், பக்கத்துக் கடைகளில் வேலை செய்பவர்களும்தான் அவரது வாடிக்கையாளர்கள்.

அன்று அவர் மகளைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார்.

“மிஸ், இவளுக்கு நீங்கள்தான் ஒரு புத்தி சொல்ல வேணும். உயர்தரம் ரெண்டு தரம் எழுதிப்போட்டாள். உயிரியல் பிரிவு. பெறுபேறு சரியில்லை. மூண்டாம் தரம் எழுதச் சொன்னா வாயே திறக்கிறாளில்லை. ரியூசனுக்குக் காசு இல்லையெண்டு யோசிக்கிறாள்போல. நான் குவைத்துக்குப் போறதெண்டு முடிவெடுத்திட்டன். பாஸ்போட்டும் எடுத்தாச்சு. வீட்டுவேலைக்குத்தான். காசைப் பற்றி இவள் கவலைப்படத் தேவையில்லை.”

மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மகளிடம் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் தாயிடம் கேட்டேன். “அக்கா, உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும்?”

“எனக்கென்ன தெரியும் மிஸ்! சமையல் மட்டும்தான் தெரியும். அது எல்லாப் பொம்பிளையளுக்கும் தெரிஞ்சதுதானே.”

இந்தப் பதிலை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். “தையல் மட்டும்தான்”, “தோட்டம் மட்டும்தான்”, “பிள்ளை பார்க்க மட்டும்தான்.” தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கும் பெண், யார் எந்த வேலையைக் காட்டினாலும் தலையாட்டிவிடுவாள். எனவே தொழில் வழிகாட்டலில் நாங்கள் முதலில் பேச எடுப்பது இந்த “மட்டும்” என்ற சொல்லைத்தான்.

தொழில் வழிகாட்டல் என்றால் என்ன?

பலர் இதை வேலை எடுத்துக் கொடுக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். வேறு சிலர், “நீ இன்ன படிப்பைப் படி” என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்வதாக நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல.

1908 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் இதற்கென்று ஒரு நிலையத்தைத் தொடங்கினார். வேறு நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, மொழியும் ஊரும் பிடிபடாமல், கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஏழைக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. அந்த இளைஞர்களுக்கு அவர் மூன்று விடயங்களைச் சொல்லிக் கொடுத்தார். ஒன்று, உன்னை நீ அறிந்துகொள்: உனக்கு எது வரும், எது பிடிக்கும், எது முடியாது. இரண்டு, வேலைகளை அறிந்துகொள்: என்ன தகைமை வேண்டும், என்ன சம்பளம், எதிர்காலம் எப்படி. மூன்று, இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்து நீயே முடிவெடு. அதே ஆண்டு அவர் இறந்துவிட்டார். அவருடைய நூல் 1909 இல் வெளிவந்தது. நூறு வருடங்களுக்கு மேலாகியும் தொழில் வழிகாட்டலின் அடிப்படை இந்த மூன்றும்தான். ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்காக உருவான முறை என்பதால் எங்களுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது.

எங்கள் பெண்களுக்காக நான் நாலாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்வேன்: “உங்களைத் தடுத்து வைத்திருப்பது எது?” சின்னப் பிள்ளையா, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பயமா, சிங்களம் தெரியாததா, உடம்பில் உள்ள காயமா, தொலைந்துபோன சான்றிதழா? தடையைச் சொல்லாமல் போடும் திட்டம் இரண்டு கிழமைக்கு மேல் ஓடாது.

நான் விட்ட பிழை

இந்த ஞானமெல்லாம் எனக்குப் படிப்பில் வந்ததல்ல. சமூகவியலில் பட்டம் பெற்று வெளியே வந்த புதிதில், வடக்கில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் வேலை செய்தேன். பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி கொடுப்பது எங்கள் வேலை. தையல் மெஷின் கொடுக்கத் திட்டம் இருந்தது. எனவே தையல் மெஷின் கொடுத்தோம். ஒரே கிராமத்தில் 14 பேருக்கு. ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது 3 பேர்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற வீடுகளில் மெஷின் சீலையால் மூடிக் கிடந்தது. சில வீடுகளில் அதுவும் இல்லை, விற்றாயிற்று. ஒரு சிறு கிராமத்தில் 14 தையற்காரர்களுக்குச் சட்டை தைக்கக் கொடுக்க ஆட்கள் எங்கே?

அதில் ஒரு அக்கா, இடப்பெயர்வுக்கு முன் 6 வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவர் அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. “முதலே சொல்லியிருக்கலாமே அக்கா” என்றேன். “நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே பிள்ளை” என்றார். உண்மைதான். எங்கள் படிவத்தில் எத்தனை பிள்ளைகள், என்ன நோய், என்ன இழப்பு என்றெல்லாம் கேள்வி இருந்தது. “முன்பு என்ன வேலை செய்தீர்கள்” என்ற கேள்வி இருக்கவில்லை. இழந்ததை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு, கையில் இருந்ததைக் கேட்காமல் விட்டுவிட்டோம்.

அக்காவின் கொப்பி

களுபோவில அக்காவிடம் அந்தப் பிழையை நான் திரும்பவும் விட விரும்பவில்லை. ஒரு கொப்பியைக் கொடுத்து, “காலையில் எழும்பினது முதல் இரவு படுக்கும்வரை என்னென்ன செய்கிறீர்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். மகள் எழுதட்டும்” என்று அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை 9 பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள். நாளுக்கு 40 மதியப் பார்சல். அதற்கு 7 கிலோ அரிசி. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் தனி. யாருக்கு உறைப்புக் கூடாது, யாருக்குச் சீனி வருத்தம், யார் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டார் என்பது எல்லாம் மனப்பாடம். தேங்காய் விலை ஏறினால் எந்தக் கறியை மாற்றினால் பார்சலின் விலையைக் கூட்டாமல் சமாளிக்கலாம் என்ற கணக்கு. 2022 இல் எரிவாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, விறகு அடுப்பில் சமைத்து ஒரு வாடிக்கையாளரையும் இழக்காமல் வைத்திருந்தது. கடன் கொடுத்தால் மாதம் 10 ஆம் திகதிக்குள் வாங்கிவிடும் ஒழுங்கு.

“கொழும்புக்கு வர முதல்?” என்று கேட்டேன்.

“அதுக்கு முதல் எங்க மிஸ்... மெனிக் பாமில பொதுச் சமையலில நிண்டனான். பெரிய கிடாரத்தில. எத்தனையோ நூறு பேருக்கு.” சொல்லிவிட்டு, “அதெல்லாம் ஒரு அனுபவமே மிஸ்?” என்று கேட்டார்.

ஆம், அனுபவம்தான். விரும்பிப் போன இடமல்ல. ஆனால் அங்கு அவர் கற்றுக்கொண்ட வேலை அவருடையது. மொத்தச் சமையல், கொள்வனவு, கணக்கு, வாடிக்கையாளர் தொடர்பு என்று அந்த 9 பக்கத்தையும் நாங்கள் நாலு தலைப்பில் பிரித்து எழுதினோம். மகள் அதைத் திரும்ப வாசித்தபோது அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செய்த வேலைக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் நாட்டில் தேசிய தொழிற் தகைமை என்ற ஒரு முறை இருக்கிறது. என்.வி.கியூ என்று சொல்வார்கள். இதில் 1 முதல் 7 வரை மட்டங்கள் உண்டு. 4 ஆம் மட்டம் வரை சான்றிதழ். 5 உம் 6 உம் டிப்ளோமா. 7 ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதற்குப் பொறுப்பு.

இதைப் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது. மற்றது பலருக்குத் தெரியாது: ஏற்கெனவே வேலை செய்து கற்றுக்கொண்டவர்கள், வகுப்பில் உட்காராமலே தங்கள் திறமையைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம். முன் கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கொண்டுபோக வேண்டும். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்து, கேள்வி கேட்டு, வேலையைச் செய்து காட்டச் சொல்வார். தேறினால் அந்த மட்டத்துக்குரிய சான்றிதழ், வகுப்பில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ், கிடைக்கும். சமையல், வெதுப்பகம், தையல், அழகுக்கலை எனப் பல தொழில்களுக்கு இது உண்டு. நைற்றா என்று சொல்லப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலும், தொழிற் பயிற்சி அதிகார சபையிலும் விசாரிக்கலாம்.

அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. “எனக்குச் சிங்களம் கதைப்பன், வாசிக்க வராது மிஸ். பரீட்சை எண்டா கை நடுங்கும்.” அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்: 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் படிவம் கேட்பதும் தமிழில் பதில் கேட்பதும் உங்கள் உரிமை. யாருக்கும் கோபம் வராமல், ஆனால் தயங்காமல் கேளுங்கள். சில வேளை காத்திருக்க வேண்டி வரும். அக்காவும் காத்திருந்தார். மதிப்பீட்டு நாளில் கை நடுங்கியதாம். வெங்காயம் வெட்டத் தொடங்கியதும் நின்றுவிட்டதாம்.

குவைத் விடயத்தையும் நான் விட்டுவிடவில்லை. “போக வேண்டாம்” என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்சலில் செலவு போக மாதம் என்ன மிஞ்சுகிறது, அங்கே போனால் என்ன கிடைக்கும், இங்கே மகள் யாருடன் இருப்பாள், வாடிக்கையாளர்கள் இரண்டு வருடம் காத்திருப்பார்களா? போவதென்றாலும் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். கையில் தகைமை இருந்தால் வீட்டுப் பணிப்பெண்ணாக அல்லாமல் சமையற்காரராகவே விண்ணப்பிக்க முடியும். இவ்வளவையும் எழுதிப் பார்த்த பிறகு அக்கா பாஸ்போட்டை அலுமாரியில் வைத்துவிட்டார். “இப்போதைக்கு” என்றுதான் சொன்னார்.

மகள் சொன்னது

மகளை நான் தனியாகவும் சந்தித்தேன். பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளைகள் பெற்றோரின் ஆசையைத்தான் சொல்வார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள் அழுதுவிட்டாள்.

“எனக்கு உயிரியல் வராது அக்கா. ஒண்டு சொன்னா அம்மா உடைஞ்சு போயிடுவா. அம்மா குவைத்துக்குப் போய்க் காசு அனுப்பி, நான் மூண்டாம் தரமும் பெயில் எண்டா, பிறகு எப்பிடி அவவின்ர முகத்தைப் பாக்கிறது?”

உங்களுக்குத் தெரியும், அரச பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தில் மூன்று தடவை வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதிலும் தகுதி பெறுபவர்களில் நாலில் ஒரு பங்கினருக்கு அளவிலேயே இடம் கிடைக்கிறது. ஆகவே மூன்றாவது தடவை என்பது சின்ன விடயமல்ல. அதை அழுகையிலும் பிடிவாதத்திலும் செலவழிக்கக் கூடாது.

“உனக்கு எது செய்யும்போது நேரம் போவது தெரியாது?” என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: “பார்சல் குடுக்கப் போகேக்க ஊரிலயிருந்து வந்த ஆக்கள் பாஷை விளங்காமல் நிப்பினம். துண்டை வாசிச்சு, அவையள் சொல்லுறதைச் சிங்களத்தில சொல்லிக் குடுப்பன். சில நாள் ரெண்டு மணித்தியாலம் நிண்டிடுவன். அம்மா ஏசுவா.”

களுபோவிலயில் வளர்ந்த பிள்ளை அவள். இரண்டு மொழியும் வாசிக்கவும் எழுதவும் தெரியும். அதை அவள் ஒரு தகைமையாக நினைக்கவே இல்லை. தாயைப் போலத்தான் மகளும்: “சிங்களம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!” 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்பவர்கள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த ஆண்டில்தான் தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகத்துக்கான சட்டமும் வந்தது. களனி, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புக் கற்கைக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. இரண்டு மொழியும் திருத்தமாகத் தெரிந்தவர்களுக்கு இந்த நாட்டில் எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை, ஏதாவது ஒரு கந்தோர் வரிசையில் நின்ற எந்தத் தமிழ்ப் பெண்ணும் சொல்லுவாள்.

மூவரும் ஒன்றாக உட்கார்ந்த நாளில் மூன்று வழிகளை ஒரு தாளில் எழுதினோம். மூன்றாம் தடவையும் உயிரியல்; கலைப்பிரிவில் மொழிப் பாடங்களோடு மூன்றாம் தடவை; பரீட்சையை விட்டு இப்போதே மொழிப் பயிற்சியும் வேலையும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருடம், எவ்வளவு காசு, சரிவராவிட்டால் அடுத்தது என்ன என்றும் எழுதினோம்.

அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “இவளை நான் டொக்டராக்க நினைச்சது காசுக்கில்லை மிஸ். முகாமால வந்த புதுசில ஒரு கந்தோரில, விளங்காத பாஷையில ஒரு துண்டைத் தந்து விட்டவை. காலமையிலயிருந்து பின்னேரம் மட்டும் அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஒருத்தரும் என்னெண்டு கேக்கேல்லை. என்ர பிள்ளை அப்பிடி நிக்கக் கூடாது, பெரிய ஆளா வரவேணும் எண்டு நினைச்சன்.”

மகள் தாயின் கையைப் பிடித்தாள். “நான் இப்ப அப்பிடி நிக்கிற ஆக்களுக்குத்தானே அம்மா வாசிச்சுக் குடுக்கிறன்.”

இரண்டாவது வழியை அவள் தெரிவு செய்தாள். அக்கா சம்மதிக்க ஒரு மாதம் எடுத்தது. பெறுபேறு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தடவை அவள் தன் விருப்பத்தில் படிக்கிறாள். பின்னேரம் தாயின் கணக்குக் கொப்பியையும் பார்க்கிறாள்.

வேலையில் இருப்பவர்களுக்கு

ஏற்கெனவே வேலை செய்பவர்களும் ஆலோசனைக்கு வரலாம். வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் 9 வருடம் நின்ற ஒரு தங்கச்சி வந்தார். வேலையை விட்டு, கடன் எடுத்து அழகுக்கலை நிலையம் போடப் போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டால் “நிண்டு நிண்டு காலெல்லாம் நோகுது” என்பதுதான் காரணம். அழகுக்கலையில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. பேசிப் பார்த்தபோது கடையின் இருப்புக் கணக்கு முழுவதும் அவர் கையில்தான் ஓடுகிறது என்று தெரிந்தது. முதலில் வேலையை விடாமல் பின்னேர வகுப்பில் கணக்குப் பதிவு படித்தார். இன்று வேறொரு இடத்தில் கதிரையில் இருந்து கணக்கு எழுதுகிறார்.

பழைய இடத்தில் அவருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சகோதரிகளே, 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வேலை தேடும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்.

படிவத்தில் உள்ள வெற்று வருடங்கள்

இந்தப் பத்திரிகையை வாசிக்கும் பலருக்கு வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் எந்த வருடம் எங்கே படித்தீர்கள், எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்பார்கள். 2006 முதல் 2010 வரை என்ன எழுதுவது? இடம்பெயர்ந்து திரிந்த வருடங்கள், முகாமில் இருந்த வருடங்கள், பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டுப்போன வருடங்கள். பொய் எழுத வேண்டாம். “போர்ச் சூழலால் இடம்பெயர்ந்திருந்தேன்” என்ற ஒரு வரி போதும். அதற்கு மேல் உங்கள் வேதனை முழுவதையும் நேர்முகத்தில் திறந்து காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. “அதன் பிறகு இன்னின்னது செய்தேன்” என்று அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

தொலைந்த சான்றிதழ்களையும் திரும்பப் பெறலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகம். பரீட்சைப் பெறுபேற்றுக்குப் பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களம். சுட்டிலக்கம் மறந்துபோனால் பரீட்சை எழுதிய வருடத்தையும் பாடசாலையையும் சொல்லி விசாரியுங்கள். சாதாரண தரமே எழுதாமல் விட்டவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இப்போதும் எழுதலாம்.

இன்னொன்று. அந்த அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டார்: “அவர் வருவார் எண்டு இருக்கிறன். நான் பாட்டுக்குத் திட்டம் போட்டா, அவரை விட்டிட்டன் எண்டு ஆகாதோ?” காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாரிடம் இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல நான் யார்? “ஆயுளுக்குத் திட்டம் போட வேண்டாம் அக்கா. ஆறு மாதத்துக்குப் போடுவோம்” என்றேன். ஆறு மாதம் அவருக்குப் பாரமாக இருக்கவில்லை. நித்திரை வராமல், மனம் எதிலும் பிடிக்காமல் இருப்பவர்கள் முதலில் உளவளத்துணை ஒருவரைச் சந்திப்பது நல்லது. தொழில் வழிகாட்டல் அதற்கு மாற்றாகாது.

எங்கே போகலாம்?

உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் இருப்பார்கள். தொழில் வழிகாட்டல் அவர்களது கடமைகளில் ஒன்று. தொழிற் பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் கேட்கலாம். பாடசாலையில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று பெற்றோர் கூட்டத்தில் விசாரியுங்கள். பல்கலைக்கழகங்களில் இதற்கென்று அலகு உண்டு. பணம் கட்டிப் படிக்கும் பாடநெறி என்றால், அந்த நிறுவனத்துக்கு ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, சான்றிதழ் என்.வி.கியூ மட்டத்துக்கு உரியதா என்று கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

ஆலோசனையால் நாட்டில் இல்லாத வேலை உண்டாகிவிடாது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அக்காவின் சான்றிதழ் வந்து பல மாதமாகிறது. அவர் இன்னும் அதே குசினியில்தான் சமைக்கிறார். ஆனால் ஒரு அலுவலகத்தின் மதியச் சாப்பாட்டுக்கு விலை கேட்டபோது அந்தச் சான்றிதழின் பிரதியை இணைத்துக் கொடுத்தார். இப்போது 65 பார்சல். உதவிக்கு இன்னொரு பெண்ணையும் வைத்திருக்கிறார்.

இம்மாதம் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஒரு கொப்பியை எடுங்கள். காலை முதல் இரவு வரை நீங்கள் செய்வதையும், போருக்கு முன் செய்ததையும், முகாமில் செய்ததையும் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். “மட்டும்” என்ற சொல்லை மட்டும் எழுத வேண்டாம். எழுதியதைப் பற்றி எங்களுக்குக் கடிதம் போடுங்கள். அடுத்த இதழில் அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துப் பேசுவோம்.